உலோகமில்லாக் கோயிலும் உலோக இசைப் பாட்டும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியினின்று சற்று விலகிக் கிடப்பது மண்டகப்பட்டென்னும் சிற்றூர். அங்குள்ள பாறையைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் சமைத்த கோயிலைக் காண எம் தமிழ் வகுப்பினர் சென்றிருந்தோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்னும் நான்குமின்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இவ்வாலயத்தை எடுப்பித்தான் என்று அங்குள்ள வடமொழிச் சாசனம் கூறுகின்றது. 'உலோகமின்றி' என்று ஆசிரியர் பொருள் கூறியவுடன் எம்முள் ஒருவர் நகைத்துவிட்டார். காரணமுண்டு. பேருந்தில் வரும் வழியெல்லாம் 'மெட்டல்', அஃதாவது உலோகம், என்றே பெயர்பெற்ற மேனாட்டிசையைச் சார்ந்த பாட்டொன்றைக் குறித்து எம்முள் வாது நிகழ்ந்தவண்ணம் இருந்தது.

அப்பாட்டு, அமெரிக்க நாட்டு ஆர்க்கன்ஸாவில் தோன்றிய எவனெஸன்ஸ் என்னும் குழுவினர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரிங் மீ டு லைஃப்' என்பது. தொகுதியினின்று பிரித்துத் தனியே வெளியிடப்பெறும் பாட்டை 'சிங்கிள்' என்பர். நம் தனிப்பாடற்றிரட்டை ஈண்டு நினைக்க வேண்டா. அஃது இங்கிலாந்தில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அமெரிக்காவில் ஐந்தாமிடம் வரை ஏறிற்று. 2004-இல் கிராமி விருதும் எய்திற்று. அதனை இயற்றிய ஏமி லீ அம்மையாருக்கு இயற்றுங்கால் வயது பத்தொன்பது, எம் வகுப்பினர் வயதே. 'நீ மகிழ்ச்சியாயிருக்கின்றாயா?' என்று பழக்கம் மிகாத ஒருவர் வினவ, அவ்வினா உள்ளத்தைத் தைத்தமையால் பிறந்தது பாட்டு என்பது அவர் வாய்மொழி. உள்ளே உறங்கிக் கிடக்கும் உயிரை எழுப்புமாறு பிறரொருவரை வேண்டுவது அதன் பொருள். பள்ளியெழுச்சியில் அடியவர் இறைவனை எழுப்புவர். திருப்பாவையில் தோழியர் தோழியை எழுப்புவர். உறங்குவோரே தம்மை எழுப்புக என்று கூவுவது இப்பாட்டின் புதுமை.

இசையமைப்பையும் சிறிது நோக்குவோம். பியானோவும் பெண்குரலும் தனித்துத் தொடங்கும். பின்னர் மின்கிட்டார்கள் இடியென வீழும். மின்கிட்டாரின் எஃகு நரம்பு அதிருங்கால், கீழமைந்த காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கும் கருவியை அதன் அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, அக்கரகரத்த முழக்கம் உண்டாகும். முழக்கத்திற்கே உலோகமென்று பெயரிட்டனர். மெல்லிய பியானோவும் எஃகு நரம்பையும் இரும்புச் சட்டத்தையும் உடையதென்பதை எவரும் எண்ணுவதில்லை!

இப்பாட்டில் பெண்குரலுக்கு விடையிறுப்பதுபோல் ஓர் ஆண்குரல் வருகின்றது. அது மற்றொரு குழுவினராகிய பால் மக்காயினுடையது. பெண் பாடும் இத்தகைய குழு விலைபோகாதென்று அஞ்சிய இசைத்தட்டு நிறுவனத்தார், ஆண்குரலொன்று பல பாட்டுக்களில் வேண்டுமென வற்புறுத்தினர். குழுவினர் மறுத்து, ஈற்றில் இவ்வொரு பாட்டிற்கு மட்டும் இசைந்தனர். பல்லவன் நான்கு பொருளைத் தானே வேண்டாவென்றான். இவர்க்கோ வேண்டாத பொருளொன்று தலையிற் கட்டப்பட்டது. 2017-இல் 'சிந்தெஸிஸ்' என்னும் தொகுதியில் கிட்டார் முழக்கத்தை ஒதுக்கி, பெரிய வாத்தியக்குழுவோடும் மின்னணு ஒலிகளோடும் இப்பாட்டை மீண்டும் பாடினர். ஆண்குரல் அதில் இல்லை. உலோகமின்றி எடுத்த கோயில் என்று இதனைச் சொல்லலாம்.

அதுவே சிறந்ததெனப் பேருந்தில் யாம் சாதித்தோம். ஆயின், குகையின் பின்சுவரிலுள்ள மூன்று கருவறைகளும் வெறுமையாய் நிற்பதைக் கண்டபோது எம் கருத்துத் தளர்ந்தது. முகப்பின் இருபுறத்தும் வாயில்காப்போர் நிற்கின்றனர். உள்ளே காக்கப்படுவோர் இல்லை. புதிய பாட்டும் அத்தகையதே. எழுப்புகவென்று கூவுங் குரல் உண்டு. எழுப்புவோன் குரல் இல்லை. நிறுவனத்தார் பொருளாசையாற் புகுத்திய அக்குரல், அவர் கருதாத பயனொன்றை விளைத்துவிட்டது என்றே தோன்றுகின்றது. இன்னுமொன்று: உலோகமின்றி எழுந்த அக்கோயிலைக் குடைந்த உளி இரும்பாலானது. சாசனம் உளியைச் சொல்லவில்லை.

இனி, வாதின் வேரைச் சொல்லுதும். உயிர்த்தெழுந்த திருநாளையொட்டிய விடுதி ஜெபக்கூட்டத்தில் இப்பாட்டைப் பாடலாகாதா என ஒருவர் கேட்டார். கிறிஸ்தவப் பாட்டன்றென மற்றொருவர் தடுத்தார். தடுத்தவர் பக்கமும் சான்றுண்டு. இக்குழுவை நிறுவிய ஏமி லீயும் பென் மூடியும் இளைஞர் முகாமொன்றிலேயே முதலிற் சந்தித்தனர். இவர்தம் தட்டு கிறிஸ்தவப் புத்தகசாலைகளில் விற்றது. 2003 ஏப்ரலில் மூடி அளித்த பேட்டியொன்றில் அவ்வரிசையில் தமக்கு இடமில்லையெனக் கடுஞ்சொல்லாற் கூற, நிறுவனத் தலைவரே கடைகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் கடிதம் விடுத்துத் தட்டைத் திரும்பப் பெறச் செய்தார்.

ஆசிரியன் எம் வரிசையில் நில்லேனென்று சொன்ன பின்னர் அவனை இழுத்து நிறுத்துதல் மரியாதையன்று. ஆயினும், எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கை வாசித்துவிட்டு இப்பாட்டைக் கேட்போர்க்கு இரண்டும் ஒன்றையொன்று விளக்காமற் போகா. பாடவேண்டா, கேட்கலாம் என்பது எம் துணிபு. அதனைச் சொன்னபோது இருதிறத்தாரும் எம்மை வெகுண்டனர். ஈற்றில் விடுதித் தோழர் எழுவர் கூடி, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டனர். மூவர் பழையதென்றனர், மூவர் புதியதென்றனர், எஞ்சிய ஒருவர், பல்லவன் பட்டப்பெயர்களுள் 'சங்கீர்ணஜாதி' என்பதும் ஒன்றாயிற்றே, அது தாளப் பெயரென்பரே, அவனைக் கேட்டால் என் சொல்வானோ என்று கூறி எழுந்து போயினார்.