போத்தலுக்குள் ஒரு தோட்டம்

லயங்களைச் சுற்றி வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "சேர், காம்பராவுக்குள்ள செடி வச்சா ஒரு மாசத்துல அழுகிப் போயிடுது." செடியைத் தூக்கிப் பார்த்தால் மண் சேறாகக் கிடக்கும். அம்மா மலைக்குப் போகமுன் ஒரு கோப்பை தண்ணீர், பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து ஒரு கோப்பை, பொழுதுபட பாட்டி ஒரு கோப்பை. வெளிச்சம் குறைந்த காம்பரா, வெளியிலே மழையும் பனியும். மண் எப்படிக் காயும்? காற்றுக் கிடைக்காமல் வேர் அழுகிவிடுகிறது. காம்பராவுக்குள் தண்ணியில்லாமல் செத்த செடியை விட தண்ணி கூடிச் செத்த செடியைத்தான் நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம். ஆகவே, விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஊத்தவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வேலையே அநேகமாக இல்லாத முறையும் உண்டு. அதுதான் மூடிய போத்தல் தோட்டம். 1829ஆம் ஆண்டு லண்டனில் நதானியேல் வார்ட் என்ற வைத்தியர் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் போட்டு மூடி வைத்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணில் பன்னமும் புல்லும் முளைத்து நின்றன. அதைப் பார்த்துத்தான் அவர் செடி கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். 1851இல் ராபர்ட் ஃபோர்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைக் கன்றுகளைக் கப்பலேற்றியதும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். இலை விடும் ஈரம் கண்ணாடியில் துளியாகி மறுபடி மண்ணுக்கே இறங்குவதால் மாதக்கணக்கான கடல் பயணத்தையும் கன்றுகள் தாங்கின.

நீங்களும் செய்யலாம். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். அடியில் ஒரு அங்குலம் சிறு கல், அதன்மேல் ஒரு பிடி பொடித்த அடுப்புக்கரி, பிறகு இரண்டு மூன்று அங்குலம் மண். கல்லுக் கட்டு இடுக்கில் முளைக்கும் குட்டிப் பன்னம், கொஞ்சம் பாசி, இவை போதும். மருந்தடித்த மலையிலிருந்து எடுக்க வேண்டாம். நாலைந்து கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள். நாள் முழுக்கக் கண்ணாடி புகார் மூடியது போல இருந்தால் சில மணி நேரம் மூடியைத் திறந்து விடுங்கள். துளியே இல்லாமல் மண் வெளிறினால் இரண்டு கரண்டி ஊற்றலாம். கற்றாழை மூடிய போத்தலுக்கு ஆகாது, அழுகிவிடும். நேர் வெயிலும் கூடாது. எங்கள் கந்தோர் ஜன்னலில் வைத்த முதல் போத்தல் பெப்ரவரி வெயிலில் கீரை அவிந்த மாதிரி ஆகிவிட்டது!

இன்னொரு காரணத்துக்காகவும் மூடிய போத்தலை விரும்புகிறோம். அதற்குள் நுளம்பு போகாது. பூச்சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டும், மணி பிளான்ட் நிற்கும் திறந்த போத்தலும் அப்படியல்ல. டெங்கு நுளம்புக்குக் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள்தான். 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. மேல்மலைக் குளிரில் நுளம்பு மெதுவாகப் பெருகும் என்பது உண்மை. ஆனால் கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் உள்ளவர்கள் அசட்டையாக இருக்க முடியாது. வாரம் ஒருமுறை தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மணலை நிரப்பி விட்டால் அந்தக் கஷ்டமும் குறையும்.

சில வீடுகளில் களைமருந்து கேனை வெட்டிப் பூச்சட்டி ஆக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். எத்தனை தரம் கழுவினாலும் அது வீட்டுக்குள் வரவே கூடாது. தவழும் பிள்ளை அதைத்தான் முதலில் வாயில் வைக்கும்.

செடியிலும் பார்த்து வையுங்கள். பெரிய இலையில் வெள்ளைத் திட்டு உள்ள டிஃபென்பேக்கியா வெளிச்சம் குறைந்த இடத்திலும் நன்றாக வரும், ஆனால் அதைக் கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கும். மணி பிளான்டும் வாயை எரிக்கும். பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, தண்ணீரால் கழுவி, தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் கொண்டு போங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். எந்தச் செடி என்று காட்ட ஒரு இலையையும் கையோடு எடுத்துப் போங்கள்.