நடுநிலைப்பள்ளி ஆசிரியரும் ஈராண்டுக் கல்லூரியும்

கற்பிக்கும் தொழிலுக்கு இரண்டு அறிவுகள் வேண்டும். கற்பிக்கப்படும் பொருளை நன்கு அறிதல் ஒன்று. அதனைக் கேட்கும் மாணாக்கனை நன்கு அறிதல் மற்றொன்று. நன்னூல் இயற்றிய பவணந்தியார் தம் நூலின் பாயிரத்தில் ஆசிரியனது இலக்கணங் கூறப் புகுந்து, நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் பூவையும் அவனுக்கு உவமையாகக் காட்டியதோடு அமையாது, கேட்பவன் ஏற்கும் வகையை அறிந்தே பாடஞ் சொல்ல வேண்டுமென்றும் விதித்தார். இலக்கணம் பயிலும் நாம் அப்பகுதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றோம். அதன் உண்மையையோ, பிள்ளைகளின் முன் நின்று பார்த்தாலன்றி உணர்வதில்லை.

யாம் அதனை உணர்ந்தது ஒரு கோடை விடுமுறையில். எம் தெருவிலுள்ள ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதின்மரை மாலைதோறும் வீட்டுத் திண்ணையிற் கூட்டித் தமிழ் கற்பிக்கத் தொடங்கினோம். வேற்றுமைகளையும் புணர்ச்சி விதிகளையும் பிழையின்றி எடுத்துரைத்தோம். முதல் வாரத்திற் பதின்மரும் வந்தனர். மூன்றாம் வாரத்தில் நால்வரே எஞ்சினர். கதை சொல்லி அவர்களை அழைக்கப் புகுந்தால், தம்மைச் சிறு குழந்தைகளாக எண்ணிவிட்டோமென்று முகங் கோணினர். பெரியோராக எண்ணி விதிகளை அடுக்கினால், கண்களை வீதியில் ஓடவிட்டனர். பாடத்தை அறிந்திருந்தோம், பிள்ளைகளை அறிந்திலோம். இவ்வயதினர்க்கென்றே ஆசிரியரைப் பழக்கும் முறை எங்கேனும் உண்டோவெனத் தேடிப் படித்தபோது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரியிலே தொடங்கும் ஒரு வழி எம் கருத்தைக் கவர்ந்தது. அதன் இயல்பையும் நன்மையையும் இடரையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நடுநிலைப்பள்ளியின் தோற்றம்

முதற்கண் பெயரைத் தெளிதல் நலம். தமிழ்நாட்டில் நடுநிலைப்பள்ளி என்பது ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புக்களை உடையது. அமெரிக்காவிலோ, அப்பெயர் பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கள் மட்டும் தனியே அமைந்த பள்ளியைக் குறிக்கும். சிலவிடங்களில் ஐந்தாம் வகுப்பும் உடன் சேர்வதுண்டு. ஏறக்குறைய பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே பயில்வர்.

இத்தகைய பள்ளி ஒரு நாளில் தோன்றியதன்று. முற்காலத்தில் அந்நாட்டின் பல ஊர்களில் எட்டாண்டுத் தொடக்கப்பள்ளியும், அதன் மேல் நான்காண்டு உயர்நிலைப்பள்ளியுமே இருந்தன. 1904-ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஹால் என்னும் உளநூல் அறிஞர் குமரப் பருவத்தைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1909-இல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இண்டியானோலா என்னும் பள்ளி திறக்கப்பட்டது; இடைப்பட்ட வகுப்புக்களுக்கென எழுந்த இளநிலைப் பள்ளிகளுள் முதலாவது அதுவே என்பர் பலர். ஆயின், நாளடைவில் இவ்விளநிலைப் பள்ளிகள் உயர்நிலைப்பள்ளியின் சிறிய சாயல்களாகவே மாறிவிட்டன என்னுங் குறை எழுந்தது. 1963-இல் வில்லியம் அலெக்சாண்டர் என்னும் கல்வியறிஞர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், இவ்வயதினரின் இயல்புக்கேற்ற வேறொரு பள்ளி வேண்டுமென வற்புறுத்தினார். அக்கருத்துப் பரவவே, 1973-இல் தேசிய நடுநிலைப்பள்ளிச் சங்கம் அமைந்தது. 1989-இல் கார்னெகி அறநிலையத்தைச் சார்ந்த அறிஞர் குழு வெளியிட்ட அறிக்கை, பெரிய பள்ளிகளைச் சிறு சிறு குழுக்களாக வகுக்க வேண்டுமென்றும், இவ்வயதினரைக் கற்பிப்பதிற் சிறப்பாகத் தேர்ந்த ஆசிரியரையே அமர்த்த வேண்டுமென்றும் கூறிற்று.

இதன் பயனாகப் பல பள்ளிகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகவியல் ஆகிய பாடங்களின் ஆசிரியர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரே தொகுதிப் பிள்ளைகளைக் கற்பிப்பர்; நேரம் ஒதுக்கித் தம்முட் கூடி அப்பிள்ளைகளைப் பற்றிக் கலந்து பேசுவர். கணித வகுப்பில் வாய் திறவாத சிறுவன் விஞ்ஞான வகுப்பிற் கேள்வி மேற் கேள்வி கேட்பவனாயின், அச்செய்தி மற்றை ஆசிரியர்க்கும் எட்டும். தொடக்கப்பள்ளியின் அரவணைப்பும் உயர்நிலைப்பள்ளியின் பாட ஆழமும் ஓரிடத்திற் கூடவேண்டுமென்பதே இதன் நோக்கமாம்.

சமுதாயக் கல்லூரி

இனி, இத்தகைய ஆசிரியர் பலர் தம் படிப்பைத் தொடங்கும் இடத்தைக் காண்போம். 1901-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப்பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். பல்கலைக்கழகத்தின் முதலிரண்டாண்டுப் படிப்பை மாணாக்கர் தம் ஊரிலேயே முடிக்கலாம் என்பது அது. அன்று சேர்ந்த மாணாக்கர் அறுவரே. அவ்வித்திலிருந்து முளைத்த ஜோலியட் கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது.

இக்கல்லூரிகளில் உயர்நிலைப்பள்ளியை முடித்தவர் எவரும் பெரும்பாலும் தடையின்றிச் சேரலாம். கட்டணமும் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை நோக்கக் குறைவு. மாலை வகுப்புக்களும் உண்டு. ஆதலின் பகலிற் கடையிலோ அலுவலகத்திலோ உழைப்பவரும், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய்மாரும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவரும் இங்கே வந்து சேர்கின்றனர். ஈராண்டுப் படிப்பின் முடிவில் 'அசோசியேட்' என்னும் பட்டம் கிடைக்கும். 'கிரெடிட்' என்னும் பாட அளவைக் கணக்கில் அது ஏறக்குறைய 60. இளங்கலைப் பட்டத்துக்கு வேண்டுவது ஏறக்குறைய 120. எனவே வழியிற் பாதியை வீட்டுக்கு அருகிலேயே நடந்து முடிக்கலாம்.

பயிற்சியின் படிகள்

முதலிரண்டாண்டுகளில் ஆங்கிலக் கட்டுரை, கணிதம், ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கூடிய விஞ்ஞானம், வரலாறு, உளநூல் முதலிய பொதுப் பாடங்களைக் கற்பர். இவற்றோடு கல்வித் தொழிலுக்குத் தோற்றுவாயாகிய பாடமும் பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. குழந்தை வளர்ச்சி, தனிக் கவனம் வேண்டும் பிள்ளைகளின் கல்வி என்பனவற்றையுஞ் சிலவிடங்களிற் கற்பிப்பர். தோற்றுவாய்ப் பாடத்தின் ஒரு பகுதியாக, மாணாக்கர் அண்மையிலுள்ள பள்ளிக்குச் சென்று, குறித்த சில மணி நேரம் வகுப்பின் பின்புறத்தில் அமர்ந்து நோக்கி வருதல் வழக்கம். அவர் பாடஞ் சொல்லுவதில்லை, பார்க்கின்றார். கூச்சலிட்ட வகுப்பை ஆசிரியர் எவ்வாறு அமைதிப்படுத்தினார், எந்தப் பிள்ளை ஒருமுறையும் கையுயர்த்தவில்லை, எந்த வினா எல்லாரையும் நிமிரச் செய்தது என்றெல்லாங் குறித்து வந்து, தம் பேராசிரியரோடு ஆராய்கின்றார்.

இதனையே யாம் இவ்வழியின் தலையாய நன்மையாகக் கருதுகின்றோம். நம் நாட்டிற் பெரும்பாலோர் ஒரு பட்டத்தை முடித்து, பி.எட். வகுப்பிற் சேர்ந்த பின்னரே பள்ளி வகுப்பை ஆசிரியர் கண்கொண்டு நோக்குகின்றனர். அங்கேயோ, பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே அக்காட்சி கிட்டுகின்றது. இத்தொழில் தமக்கு ஏற்றதன்றென உணர்பவர் காலமும் பொருளும் மிகச் செலவாகுமுன் வேறு துறைக்குத் திரும்பலாம். ஏற்றதென உணர்பவரோ, பின்னர்க் கற்கும் ஒவ்வொரு பாடத்தையும் தாங் கண்ட பிள்ளைகளை நினைந்தே கற்பர்.

பின்னிரண்டாண்டுகள் பல்கலைக்கழகத்தில் நிகழும். அங்கே பாடங் கற்பிக்கும் முறைகளைப் பயின்று, ஒரு பருவமோ அதனினும் மிகுதியாகவோ ஒரு பள்ளியில் தேர்ந்த ஆசிரியரின் மேற்பார்வையிற் கற்பித்துப் பழக வேண்டும். அதன்மேல், மாநிலம் விதிக்கும் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். உரிமத்தின் எல்லை மாநிலந்தோறும் வேறுபடும். ஒஹாயோவில் நடுப்பருவ உரிமம் நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்குமாக இருந்து வந்துள்ளது. ஜார்ஜியாவில் நான்கு முதல் எட்டு வரைக்குமாம். இவ்விரு மாநிலங்களிலும் நடுநிலை ஆசிரியராகப் பயில்பவர் ஒரு பாடத்தோடு நில்லாது இரண்டு பாடங்களிற் சிறப்பறிவு பெறுதல் முறையாக இருந்து வந்துள்ளது. இதனால், எவ்விரண்டு பாடங்கள் என்பதைச் சமுதாயக் கல்லூரியின் முதலாண்டிலேயே எண்ணித் துணிதல் நன்று.

ஈராண்டுப் பட்டம் மட்டும் ஒருவரை அரசினர் பள்ளியின் முழு ஆசிரியராக்குவதில்லை என்பதையும் மறத்தலாகாது. எனினும் அது பயனற்றதன்று. 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கையொப்பமான கூட்டரசுச் சட்டம், வறிய பிள்ளைகள் மிக்க பள்ளிகளுக்கென வழங்கப்படும் உதவித்தொகையாற் பாடத்துணை செய்யும் உதவியாளர், ஈராண்டுக் கல்லூரிப் படிப்போ, அசோசியேட் பட்டமோ, அன்றித் தேர்வில் தேர்ச்சியோ உடையராதல் வேண்டுமென விதித்தது. எனவே அப்பட்டம் பெற்றவர் பகலில் வகுப்பறை உதவியாளராய் ஊதியம் பெற்றுக்கொண்டே, மீதியுள்ள படிப்பைத் தொடர வழியுண்டு.

வழியிலுள்ள இடர்

இத்துணை நன்மைகளுடைய இவ்வழியில் ஒரு பெரும் பள்ளமும் உண்டு. ஒரு கல்லூரியில் ஈட்டிய கிரெடிட்டுக்களை மற்றொன்று ஏற்றே தீரவேண்டுமென்பதில்லை. அந்நாட்டுப் பேரவையின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய மாணாக்கர் தாம் ஈட்டியவற்றுள் சராசரியாக நூற்றுக்கு 43 பங்கை இழந்தனர். இது சமுதாயக் கல்லூரியினின்று மாறியவர்க்கு மட்டுமேயன்றி, மாறிய எல்லார்க்கும் உரிய கணக்காம். ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடங்களுங்கூட, சிலபோது பொதுக்கணக்கிற் சேருமேயன்றி ஆசிரியப் பட்டத்துக்கு உதவா. செல்வருக்கு இது சில மாதத் தாமதம். மாலையில் வேலையை முடித்து, பேருந்தேறி வந்து, உறக்கத்தை விற்றுப் படித்தவருக்கோ, இனி இயலாதென்று படிப்பையே விட்டுவிடும் நிலை. அங்ஙனம் ஒருவர் விலகுந்தோறும், ஏதோ ஒரு வகுப்பறையிலுள்ள பிள்ளைகள் தமக்கு வாய்த்திருக்கக்கூடிய ஓர் ஆசிரியரை இழக்கின்றனர்.

இப்பள்ளத்தை நிரப்பச் சில மாநிலங்கள் முயன்றுள்ளன. மேரிலாந்து மாநிலத்தில் ஆசிரியப் படிப்புக்கென்றே தனியான அசோசியேட் பட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஈராண்டுக் கல்லூரியில் முடித்தது வீணாகாது பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் படிப்பில் தொடர்வதற்காக அமைந்தது அது. புளோரிடாவில் 1927-இல் தோன்றிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஈராண்டுக் கல்லூரிக்கு 2001-இல் நான்காண்டுப் பட்டங்களையும் வழங்கும் உரிமை அளிக்கப்பட்டது. அங்கே முதலில் தொடங்கப்பட்ட நான்காண்டுப் படிப்புக்களுள் ஆசிரியக் கல்வியும் ஒன்று. அங்குள்ளவர் மாறாமலே ஓரிடத்திற் படித்து முடிக்கலாம்.

இவ்வழியிற் செல்பவர் கைக்கொள்ள வேண்டியவை நான்கு. முதலாவது, தாம் பின்னர்ச் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தை முதற் பருவத்திலேயே தெரிந்து, எப்பாடங்களை அது ஏற்குமென எழுத்து வடிவிற் கேட்டுப் பெறுதல். இரண்டாவது, தாம் கற்பிக்க விரும்பும் மாநிலத்தின் உரிமவிதியைத் தாமே படித்தறிதல். மூன்றாவது, எழுதிய கட்டுரைகளையும் பாடத்திட்டங்களையும் எறியாது காத்து வைத்தல். ஒரு பாடம் மறுக்கப்பட்டால் அவை சான்றாக உதவும். நான்காவது, வகுப்பு நோக்கும் மணிநேரங்களைக் கடமைக்குக் கழிக்காமல் நடுநிலை வகுப்புக்களையே நாடிச் செல்லுதல்.

முடிவுரை

ஈராண்டுக் கல்லூரியிற் படித்தவர் தரத்திற் குறைந்தவரென்று எண்ணுவாரும் உளர். முதலிரண்டாண்டு எவ்விடத்திற் கழிந்ததென்பது தரத்தை அளக்குங் கோலன்று. தேர்வும் பயிற்சியும் உரிமமும் எல்லார்க்கும் ஒன்றே. மேலும், தாம் வளர்ந்த ஊரிலேயே படித்து, அவ்வூர்ப் பள்ளிக்கே ஆசிரியராய்த் திரும்புபவர், வீட்டுப்பாடம் எழுதாது வந்த சிறுமியை நோக்கும்போது, அவள் வீட்டில் நிகழ்ந்திருக்கக்கூடியதை உய்த்துணர வல்லவர். ஆனால் இரக்கம் மட்டும் பின்னத்தைக் கற்பித்துவிடாது. பின்ன அறிவு மட்டும் இரக்கத்தைத் தந்துவிடாது. இரண்டையும் ஒருங்கே பழக்குவதே ஆசிரியப் பயிற்சி.

எம் திண்ணைப் பள்ளியின் முடிவையுங் கூறி அமைவாம். நான்காம் வாரத்தில் யாம் பாடஞ் சொல்லுதலை நிறுத்தி, எஞ்சிய நால்வரையும் கடைவீதிக்கு அழைத்துச் சென்று, பெயர்ப்பலகைகளில் ஒற்றெழுத்துப் பிழைகளைத் தேடச் சொன்னோம். ஒவ்வொரு பலகையின் முன்னும் வாதம் எழுந்தது. இங்கே ஒற்று மிகுமா, மிகாதா, ஏன் என்று அவர்களே எம்மை வினாவினர். திண்ணையில் எவரும் கேளாத விதிகளை வீதியில் நின்று கேட்டனர். ஐந்தாம் வாரத்தில் எழுவர் வந்தனர்.

மற்றை மூவர் வரவில்லை. அவர்களை எவ்வாறு அழைத்திருக்க வேண்டுமென்பதை யாம் இன்னும் கற்கவில்லை. நம்முள் ஆசிரியராக எண்ணுவோர் பலர்; பட்டத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாமென இராது, இப்பொழுதே விடுமுறைதோறும் அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு அமர்ந்து பழகுவோமாக. நூலை நமக்குக் கல்லூரி கற்பிக்கின்றது. பிள்ளையை நமக்குப் பிள்ளையே கற்பிக்க வேண்டும்.