புதிய துப்பாக்கியும் பழைய வழக்கும்

உந்த அழிவின்மை விதியைப் படித்த எவரும் துப்பாக்கியின் பின்னியக்கக் கணக்கைச் செய்யாமல் தப்பியிருக்க முடியாது. குண்டின் நிறை இவ்வளவு, திசைவேகம் இவ்வளவு. துப்பாக்கி என்ன வேகத்தில் பின்னோக்கி வரும்? விடையை எழுதி அடிக்கோடு இட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அமெரிக்கத் தரைப்படை 2022-ஆம் ஆண்டில் தன் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒருங்கே மாற்ற முடிவு செய்ததைப் பற்றிப் படித்தபோது, இந்தச் சிறு கணக்கே ஏறத்தாழ நூறாண்டு வழக்கொன்றின் உயிர்நாடியாக இருப்பதைக் கண்டேன். அதனை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து செல்வது குண்டு மட்டும்தான். வீரன் சுமந்து நடப்பதோ முழுத் தோட்டாவை.

இரண்டு தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். 5.56 மி.மீ. தோட்டாவின் குண்டு சுமார் 4 கிராம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். 7.62 மி.மீ. குண்டு சுமார் 9.5 கிராம்; வேகம் 840 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னதற்கு 1,620 ஜூல், பின்னதற்கு 3,350 ஜூல் வருகிறது. அதாவது இரு மடங்கு. இனி பின்னியக்கத்தைப் பாருங்கள். முதல் துப்பாக்கியை 3 கிலோ என்றும், இரண்டாவதை 4 கிலோ என்றும் கொண்டு, வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டால், அவை முறையே விநாடிக்கு 1.2 மீட்டர், 2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகின்றன. தோளில் விழும் ஆற்றல் 2 ஜூலிலிருந்து 8 ஜூலாக உயர்கிறது. குண்டுக்கு இரு மடங்கு கொடுத்ததற்குத் தோள் நான்கு மடங்கு திருப்பித் தருகிறது! எடையோ, ஒரு 7.62 தோட்டாவின் எடைக்கு இரண்டு 5.56 தோட்டாக்களைத் தூக்கிச் செல்லலாம். வழக்கு முழுவதும் இந்தத் தராசின் மேல்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் இது புதிய வழக்கன்று. முதல் உலகப் போருக்குப் பின் 0.30 அங்குலத் தோட்டா தேவைக்கு மீறிய வலிமையுடையது என்ற எண்ணம் அங்கே எழுந்தது. 1928-இல் மயக்க மருந்து கொடுத்த பன்றிகளின் மீது சுட்டுக்கூடச் சோதித்தார்கள். 0.276 அங்குலமே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஜான் காரண்ட் வடிவமைத்த துப்பாக்கி அந்தச் சிறிய தோட்டாவில் பத்தை ஏற்கும். ஆனால் 1932-இல் தரைப்படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் அதனை மறுத்துவிட்டார். கிடங்குகளில் 0.30 தோட்டாக்கள் மலைபோல் குவிந்திருந்தன. இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே உண்டன. நாடோ பொருளாதார வீழ்ச்சியில் தவித்தது. ஆகவே 1936-இல் ஏற்கப்பட்ட காரண்ட் துப்பாக்கி பத்துக்குப் பதில் எட்டுத் தோட்டாக்களுடனேயே களம் புகுந்தது. மெக்ஆர்தரைக் குறை சொல்வது எளிது. ஆனால் பணமில்லாத வீட்டில் இருக்கிற பாத்திரத்தில்தானே சமைக்க வேண்டும்? எனக்கென்னவோ அந்த முடிவு நியாயமாகவே படுகிறது.

நியாயம் சொல்ல முடியாதது அதற்கடுத்த கட்டம். 1952-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, துப்பாக்கிச் சண்டை பெரும்பாலும் 300 கஜத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்று காட்டியது. பிரிட்டனும் 7 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. எனினும் அமெரிக்கா தன் பழைய வலிமையை விட மனமின்றி 7.62-ஐயே வற்புறுத்தி, 1954-இல் நேச நாடுகளின் பொதுத் தோட்டாவாக்கியது. அதற்கென எம்-14 துப்பாக்கி 1957-இல் வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் வியட்நாம் காட்டில் அதைக் கைவிட்டு, 5.56 மி.மீ. எம்-16-க்குத் தாவினார்கள்.

அந்தத் தாவலில் நடந்ததை வேதியியல் நண்பர்கள் கவனிக்க வேண்டும். துப்பாக்கி ஒரு வகை வெடிமருந்தை வைத்துச் சோதிக்கப்பட்டது. களத்துக்குப் போன தோட்டாவில் வேறு வகை மருந்து நிரப்பப்பட்டது. புது மருந்து அதிகக் கரி படியச் செய்தது. சுடும் வேகத்தையும் கூட்டியது. குழலின் பின்னறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் தரப்படவில்லை. சுட்ட கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. துப்பாக்கியைப் பிரித்துப்போட்ட நிலையிலேயே இறந்து கிடந்த தோழர்களைப் பற்றி வீரர்கள் ஊருக்கு எழுதினார்கள். 1967-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, மருந்தை மாற்றியதைக் கடுமையாகக் கண்டித்தது. தோட்டா என்பது துப்பாக்கியின் ஓர் உறுப்பே என்பதை இத்தனை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். ஆப்கானிஸ்தானத்தில் எதிரிகள் மலைச்சரிவுகளிலிருந்து தொலைவில் நின்று சுட்டார்கள். சண்டைகளில் பாதியளவு 300 மீட்டருக்கு அப்பால் நடப்பதாக 2009-இல் ஒரு அமெரிக்க மேஜர் எழுதினார். 2017-இல் தலைமைத் தளபதி மார்க் மில்லி, புதுவகைக் கவசத் தகட்டை 5.56 துளைக்காது என்று செனட் குழுவிடம் கூறினார். இவற்றின் விளைவே 6.8 மி.மீ. தோட்டாவும், சிக் சாவர் நிறுவனத்தின் எம்-7 துப்பாக்கியும். இத்தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு. பேருந்துச் சக்கரத்தில் நாம் அடைப்பது சுமார் 100 பவுண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பித்தளை மட்டும் இதைத் தாங்காது. ஆகவே கூட்டின் அடிப்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகினால் செய்திருக்கிறார்கள். அறிவியல் வகையில் அழகான தீர்வு!

ஆனால் தராசின் மறுதட்டு? பழைய எம்-4 சுமார் 2.9 கிலோ, எம்-7 ஒலி அடக்கி இல்லாமலே 3.8 கிலோ. முன்பு வீரன் ஏழு மேகசின்களில் 210 தோட்டாக்களைச் சுமந்தான், அவை 3.4 கிலோ. இன்று அதே ஏழு மேகசின்களில் 140 தோட்டாக்கள், எடையோ 4.4 கிலோ. எழுபது தோட்டா குறைந்தும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. எதிரியைத் தலைதூக்க விடாமல் சுட்டுக்கொண்டே இருந்தால்தான் பக்கத்துத் தோழன் ஓடி இடம் மாற முடியும். அந்த வேளையில் எழுபது தோட்டா என்பது சிறு எண்ணிக்கையன்று. பயிற்சியில் தோட்டா விரைவில் தீர்ந்துபோவதாக அமெரிக்கக் கேப்டன் ஒருவரே 2025-இல் பலரறியக் கூறினார். நிறுவனம் அவர் குறைகளை மறுத்தது.

நம் நாடும் இதே தராசின் முன் நின்றதுண்டு. 1990-களில் 7.62-ஐ விட்டு 5.56 இன்சாஸுக்கு மாறினோம். அதனைத் திருச்சித் தொழிற்சாலையும் தயாரித்தது. பின்னர் 2019-இல், அதே சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகளை 7.62-இல் வாங்க ஒப்பந்தம் செய்தோம். காயம்பட்ட ஒருவனைத் தூக்க இருவர் வேண்டும், ஆகையால் சிறு குண்டே சிறந்தது என்று ஒரு வாதம் உண்டு. காயம்பட்டவனைத் தூக்க நில்லாமல் சுட்டுக்கொண்டே வரும் தீவிரவாதியிடம் அது பலிக்குமா?

என் கருத்தைக் கேட்டால், 6.8 தோட்டாவை இயந்திரத் துப்பாக்கிக்குக் கொடுத்தது சரி. தொலைவில் சுடுவது அதன் வேலை. புதிய எம்-250 பழைய எம்-249-ஐவிட எடையும் குறைவு. ஒவ்வொரு வீரனின் கையிலும் அதையே திணித்ததைத்தான் ஒப்ப மனம் வரவில்லை. ஒரே தோட்டா இருந்தால் வழங்கல் எளிது, ஒருவர்க்கொருவர் கொடுத்து உதவலாம் என்பார்கள், உண்மைதான். 1932-இல் மெக்ஆர்தர் சொன்னதிலும் இது ஒரு பகுதி.

2025 மே மாதத்தில் அமெரிக்கத் தரைப்படை எம்-7-ஐ முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் நிறுவனம் எடை குறைத்த, குழல் சுருங்கிய வடிவங்களையும் காட்சிக்கு வைத்தது. குழலைச் சுருக்கினால் வாயு குண்டைத் தள்ளும் தூரம் குறையும், வேகமும் குறையும். அந்த வேகத்துக்காகத்தான் 80,000 பவுண்டு அழுத்தத்தையும் எஃகு அடியையும் கொண்டுவந்தார்கள்.