ஆங்கிலப் பாடம்: சொன்னது யாரிடம்?



‘சொன்னேன்’ என்னும் ஒரு சொல் தமிழில் பல இடங்களுக்குப் பொருந்தும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று.

‘சே’ என்பது சொன்ன செய்தியைச் சுட்டும். ‘டெல்’ என்பது அதனைக் கேட்டவரையும் சுட்டும். ஆகவே ‘டெல்’லை அடுத்துக் கேட்டவர் வரவேண்டும்.

தவறு: ஐ செட் தி மேனேஜர்.
தவறு: ஐ டோல்ட் டு தி மேனேஜர்.
சரி: ஐ டோல்ட் தி மேனேஜர்.

‘மேனேஜரிடம்’ என்பதிலுள்ள ‘இடம்’ என்னும் உருபை எண்ணியே பலர் ‘டு’ சேர்க்கின்றனர். அவ்விடத்தில் ‘டெல்’லுக்கு அது வேண்டியதில்லை. ‘சே’, ‘ஸ்பீக்’, ‘டாக்’ ஆகியவற்றுக்கே வேண்டும்.

‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் பேசுதலைக் குறிக்கும். முறையாகப் பேச ‘ஸ்பீக்’, உரையாட ‘டாக்’. ‘ஐ வான்ட் டு ஸ்பீக் டு தி மேனேஜர்’ என்று கேட்பதே மரியாதை.

இவ்வேறுபாடு சிறிதன்று. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவ விடுப்பில் இருப்பவர் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்க முயன்றாவது இருக்கவேண்டும். தவறினால், மருத்துவர் சான்றிதழ் இருந்தும் அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவார்.

விசாரணையில் ‘ஐ செட் ஐ வாஸ் சிக்’ என்றால், யாரிடம் சொன்னீர்கள் என்பது விளங்காது. ‘ஐ டோல்ட் தி மேனேஜர் ஆன் மண்டே’ என்றால் ஆளும் விளங்கும், நாளும் விளங்கும்.

பயிற்சி: ‘நான் மண்டோரிடம் சொன்னேன்’, ‘அவர் மருத்துவரிடம் பேசினார்’. இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.