மார்பகப் புற்றுநோயும் ஈஸ்ட்ரோஜனும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். கறவைப் பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது நெடுநாள் பால் கொடுக்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதை அவர் அறிந்திருந்தார். சினைப்பை எங்கே, மடி எங்கே! ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதோ ஒரு கட்டளை போகிறது என்று அவருக்குப் பட்டது. மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த சில பெண்களுக்கு அவர் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கியது. 1896ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இதை எழுதினார். 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் வந்தது என்றால் அவருடைய ஊகத்தின் கூர்மை விளங்கும்.

அந்தக் கட்டளையின் பெயர்தான் ஈஸ்ட்ரோஜன். 1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனான்ட்டும் தனித்தனியே இந்த வகை ஹார்மோன் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 1932இல் பாரிஸில் லகஸாஞ் என்பவர் ஆண் சுண்டெலிகளுக்கு அதை ஊசி மூலம் செலுத்த, அவற்றுக்கு மார்பகப் புற்று வந்தது.

ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பழைய ஸ்டேஷன் கேபின்களில் லீவர்கள் வரிசையாக நிற்கும். சில லீவர்களில் சாவிப் பூட்டு உண்டு. உரிய சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் லீவர் விடுபடும். மார்பகச் செல்லிலும் அப்படி ஒரு பூட்டு இருக்கிறது. அதற்கு ரிசெப்டர், தமிழில் ஏற்பி, என்று பெயர். ஈஸ்ட்ரோஜன்தான் அதன் சாவி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து, அது எந்தெந்தத் திசுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்து இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்.

சாவி திரும்பியதும் செல் பிரிந்து பெருகும். பருவமடைவதும் பால் சுரப்பதற்கு மார்பகம் தயாராவதும் இதனால்தான். இதில் தவறேதும் இல்லை. ஆனால் செல் பிரியும் ஒவ்வொரு தடவையும் மரபணுவுக்கு ஒரு பிரதி எடுக்க வேண்டும். பிரதியில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடும், சில தங்கிவிடும். அப்படிப் பிழைபட்ட செல்லையும் ஈஸ்ட்ரோஜன் "பெருகு" என்றுதான் சொல்கிறது.

ஆகவே ஆயுளில் எத்தனை காலம் இந்தச் சாவி திரும்பிக்கொண்டிருந்தது என்பது முக்கியமாகிறது. சீக்கிரம் பருவமடைந்து, மாதவிடாய் தாமதமாக நின்றவர்களுக்கு ஆபத்து சற்றே கூடுதல். பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும் அதைக் குறைக்கின்றன. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும், பால் கொடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 4.3 சதவீதமும் ஆபத்து குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடல் கொழுப்பும் கணக்கில் சேர்கிறது. சினைப்பை ஓய்ந்த பின்னும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்க ஆய்வு 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டதற்கு, மார்பகப் புற்று கூடியது ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், கருப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தபோது அப்படிக் கூடவில்லை. விஷயம் நாம் நினைப்பதுபோல அவ்வளவு நேர்க்கோடானதன்று.

எல்லா மார்பகப் புற்றுக் கட்டிகளிலும் இந்தப் பூட்டு இருப்பதில்லை. மேலை நாடுகளில் நான்கில் மூன்று பங்கு கட்டிகளில் இருக்கும். நம் நாட்டில் அதைவிடக் குறைவு. கட்டியின் துண்டை எடுத்துச் சோதித்த அறிக்கையில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்றிருந்தால் பூட்டு உண்டு என்று பொருள். வைத்தியத்தின் போக்கையே நிர்ணயிக்கும் வரி அது. கூடப் போகிறவர்கள் அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல், அந்த வரியைக் காட்டி டாக்டரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

டமாக்ஸிஃபென் என்ற மாத்திரை இந்தப் பூட்டில் நுழைந்து அடைத்துக்கொள்ளும், ஆனால் மார்பகத்தில் திரும்பாத சாவி. முதலில் கருத்தடைக்காகச் செய்யப்பட்ட மருந்து இது. அந்த வேலைக்கு உதவவில்லை. 1973இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. பூட்டுள்ள கட்டி உடையவர்கள் இதை 5 ஆண்டுகள் சாப்பிட்டால், அடுத்த 15 ஆண்டுகளில் அந்நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் கருப்பையில் இதே சாவி கொஞ்சம் திரும்பிவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இரத்தக் கசிவு தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் முதலியவை வேறு ரகம். கொழுப்புத் திசுவில் சாவி தயாராவதையே தடுப்பவை. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுப்பார்கள். எலும்பு தேயக்கூடும் என்பதால் அதற்கும் கண்காணிப்பு உண்டு.

எங்கள் உறவில் ஒரு பெண்மணி, உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது என்று இரண்டாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார். "புண்தான் ஆறிவிட்டதே, இனி எதற்கு?" என்பது அவர் வாதம். மகள் வற்புறுத்தி அழைத்துப்போக, டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். இந்த வகைப் புற்று ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. தொந்தரவு இருந்தால் மருந்தை மாற்றலாம். டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே கிடையாது. 2021இல் முடிவு வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தார்கள்.