மேடைக்கு வெளியே ஒரு வெற்றி

நுழையும்முன்

குத்துச்சண்டை மேடையில் மோதுவோர் இருவரே. ஆயினும், சில போட்டிகளில் ஓர் இனத்தின் மானமும் ஒரு நாட்டின் மனச்சான்றும் அவர்களோடு மேடையேறின. அத்தகைய போட்டிகள் சிலவற்றை அறிவோம்.

தனிவீரர் இருவர் பொருதலும் அதனை ஊர் கூடிக் காண்டலும் தமிழர்க்குப் புதியன அல்ல. ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அக்காட்சியை அவன் தந்தை தித்தன் காண வேண்டும் என்பது புலவரின் விருப்பம். வென்றவர் யார் என்பதோடு, அவ்வெற்றியைக் காண வேண்டியவர் யார் என்பதும் அங்குப் பெரிதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில், ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவுக் குத்துச்சண்டையை உலகமே அவ்வாறு உற்று நோக்கியது.

1908இல் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வென்ற ஜாக் ஜான்சன், இப்பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரர் ஆனார். அதனை ஏற்க மனமில்லாத வெள்ளையர் பலர், ஓய்வுபெற்றிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸை மீண்டும் களமிறங்கத் தூண்டினர். 1910 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் ரீனோ நகரில் 15ஆம் சுற்றில் ஜான்சனே வென்றார். அதனைத் தொடர்ந்து நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்களும் பறிபோயின. மேடையில் கிடைத்த நீதி தெருவில் கிடைக்கவில்லை.

1936இல் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங், கறுப்பின வீரர் ஜோ லூயிஸை வீழ்த்தினார். நாஜிகள் அதனைத் தம் இனத்தின் வெற்றியாகப் பறைசாற்றினர். 1938 ஜூன் 22 அன்று நியூயார்க்கில் நிகழ்ந்த மறுபோட்டியில், லூயிஸ் 124 நொடிகளில் அச்செருக்கை அடக்கினார். ஆயினும் ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர். அவ்வாண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, யூதச் சிறுவர் இருவரைத் தம் விடுதி அறையில் மறைத்துக் காத்தார். தோற்றவரிடத்தும் பெருமை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

முகமது அலியோ ஒரு குத்தும் வாங்காமல் பட்டத்தை இழந்தவர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967இல் அவரது பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கும் மேலாக அவரால் மேடையேற இயலவில்லை. 1971இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. 1974 அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை 8ஆம் சுற்றில் வென்று பட்டத்தை மீட்டார். 1980இல் அவர் சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். குத்துச்சண்டையை நெடுங்காலமாகப் போற்றிவரும் வடசென்னை மக்களுக்கு அது மறவாத நிகழ்வாயிற்று.

பட்டங்கள் கைமாறும், பதிவுகள் முறியடிக்கப்படும். கொண்ட கொள்கைக்காகப் பட்டத்தையே துறக்கும் துணிவும், பகைவர் நடுவிலும் அடைக்கலம் தரும் அருளும் காலத்தை வென்று நிற்கும்.

கற்பவை கற்றபின்

‘வெற்றியைவிடக் கொள்கை உறுதியே வீரருக்கு அழகு’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.