நிலக்கரியும் படையும்

ஐரோப்பாவில் பிரான்சும் செருமனியும் 1870 முதல் 1945 வரை மும்முறை பொருத நாடுகள். பீரங்கி வார்க்க எஃகு வேண்டும். எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். ஆதலின் இவ்விரண்டையும் பொது ஆணையம் ஒன்றன்கீழ் வைப்போம் எனப் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் இராபர்ட் சூமான் 1950 மே 9ஆம் நாள் அறிவித்தார். இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு ஆகியவையும் இசைய, 1951இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

படைகளையும் இவ்வாறே இணைக்கலாம் என்றது பிரான்சு. 1952இல் ஆறு நாடுகளும் அதற்கும் கையொப்பமிட்டன. வெற்றி பெற்ற வல்லரசுகளின் மேலாட்சியில் இருந்த மேற்குச் செருமனிக்கு அது தன்னுரிமை பெறும் வழி. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1953இல் இசைவளித்தது. பிரான்சிலோ, செருமானியப் படை நாட்டை விட்டகன்று பத்தாண்டே ஆகியிருந்தது. அப்படைக்கு மீண்டும் சீருடை அணிவிப்பதா என்னும் அச்சம் பலரை வாட்டியது. தம் படையைப் பிறருடன் கலக்கவும் பலர் விரும்பிலர். பொதுவுடைமைக் கட்சியினரும் தெகோலைப் பின்பற்றியோரும் உள்நாட்டு அரசியலில் எதிரெதிர் நின்றவர்கள். எனினும் 1954 ஆகஸ்டு 30ஆம் நாள் ஒரே பக்கம் வாக்களித்தனர். 319க்கு 264 என்னும் கணக்கில், பிரான்சு தொடங்கிய திட்டத்தைப் பிரெஞ்சுப் பேரவையே வீழ்த்தியது. விந்தைதான்!

நிலக்கரி ஆணையமோ இலக்சம்பர்க்கு நகரில் வழக்கம்போல் பணியாற்றி வந்தது. அவ்வாறு நாடுகளும் 1957இல் உரோமாபுரியில் மீண்டும் கூடியபோது, பொதுச்சந்தைக்கும் அணுவாற்றலுக்குமே உடன்படிக்கை செய்தன. படையை அதில் சேர்க்கவில்லை.